4-ல் மட்டும் ஓடும் ப்ளோயர்: மோட்டாரை மாற்றுவதற்கு முன்

கேள்வியின் சுருக்கம் இது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் இருக்கிறீர்கள். வண்டி 2004 மாடல் சின்ன பெட்ரோல் கார், கோவையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வண்டிக்குள் காற்று வீசும் விசிறியான ப்ளோயரை 1, 2, 3-ல் வைத்தால் அசைவே இல்லை, 4-ல் மட்டும் ஓடுகிறது. இப்போது 4-லும் திடீரென்று நின்றுவிடுகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடுகிறது. மெக்கானிக் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். சொந்தக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்தாக வேண்டும், யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேரும் பாதி சரியாகச் சொல்கிறார்கள். 1, 2, 3 வேலை செய்யாததற்குக் காரணம் ரெசிஸ்டர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தட்டினால் ஓடுவது வேறு கோளாறு; மோட்டாருக்குள் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்திருக்கும், அல்லது வயர்களை இணைக்கும் கப்ளரில் லூஸ் கான்டாக்ட் இருக்கும். ஆனால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். முதலில் மோட்டார் இறுகியிருக்கும், அதனால்தான் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். மோட்டாரைக் கவனிக்காமல் புது ரெசிஸ்டர் போட்டால் அதுவும் சீக்கிரமே போகும். ரெசிஸ்டரை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றினால் பணம் செலவான பிறகும் 4-ல் மட்டும்தான் ஓடும். அதனால் எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். இதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பல்ப், கொஞ்சம் வயர் போதும்.

பழைய வண்டிகளில் ப்ளோயரின் வேகம் எப்படி மாறுகிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மோட்டாருக்கு ஒரே ஒரு வேகம்தான், முழு 12 வோல்ட் கொடுத்தால் ஓடுகிற வேகம். அதைக் குறைப்பதற்காக வழியில் கம்பிச் சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கிறார்கள், இந்தச் சுருள்கள் சேர்ந்ததுதான் ரெசிஸ்டர். 1-ல் வைத்தால் கரண்ட் மூன்று சுருள்களையும் தாண்டி வர வேண்டும். 2-ல் இரண்டு, 3-ல் ஒன்று. 4-ல் எந்தச் சுருளும் கிடையாது, நேரடி இணைப்பு. அதனால் ரெசிஸ்டர் செத்தாலும் 4 மட்டும் உயிரோடு இருக்கும்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரியும். 3-க்கான சுருள்தான் 1-க்கும் 2-க்கும் பொதுவானது. அது அறுந்தால் மூன்றும் சேர்ந்து போய்விடும். கடைசிச் சுருள் அறுந்தால் 1 மட்டும் போகும். ஆனால் 1-ம் 3-ம் ஓடி 2 மட்டும் ஓடவில்லை என்றால் ரெசிஸ்டரைக் குறை சொல்ல முடியாது. 1-க்கான கரண்ட் அதே சுருள்கள் வழியாகத்தானே போகிறது! அங்கே கோளாறு ஸ்விட்சிலோ 2-க்கு வரும் வயரிலோதான். இதைப் பார்க்காமல் ரெசிஸ்டர் மாற்றிவிட்டு, புதுசும் டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறாக 1, 2, 3 ஓடி 4 மட்டும் ஓடவில்லை என்றாலும் ஸ்விட்ச் அல்லது வயர்தான். சில வண்டிகளில் 4-க்கென்று தனி ரிலே இருக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியில் மூன்றும் ஒன்றாகப் போயிருப்பதால், பொதுச் சுருளோ அதோடு சேர்த்து வைத்திருக்கும், சூடு மீறினால் அறுந்துவிடும் தெர்மல் பியூஸோ போயிருக்கும். பியூஸ் பாக்ஸில் உள்ள ப்ளோயர் பியூஸைத் தேட வேண்டாம், 4-ல் ஓடுகிறதே! ஆனால் அந்த பியூஸை ஒருமுறை உருவி, அது உட்காரும் இடம் பழுப்பேறியிருக்கிறதா, உருகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உருகியிருந்தால் ரொம்ப நாளாகவே அதிகக் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ரெசிஸ்டர் எங்கே இருக்கும்? நம் ஊர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் ப்ளோயர் இடதுபக்கம், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் இரண்டு ஸ்க்ரூவில் ஒரு சின்னத் தகடு, அதில் மூன்று நான்கு வயர் போகும் ஒரு கப்ளர் தெரியும். அதுதான். கழற்றினால் சுருள்கள் பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. சுருள் சூடாகும், ப்ளோயரின் காற்றே அதைக் குளிரவைக்கும். வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே கை வைக்காதீர்கள், நன்றாகச் சுடும்.

இப்போது மோட்டார் இறுகினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 1-ல் வைத்திருக்கிறீர்கள், தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்துபோன மோட்டார் சுற்றாமல் அப்படியே நிற்கிறது. ஸ்விட்ச் ஆனில் இருப்பதால் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். 2 ஓம் சுருளில் 5 ஆம்பியர் போனால் 50 வாட் சூடு. ஆற்றுவதற்குக் காற்று இல்லை, மோட்டார்தான் ஓடவில்லையே. தெர்மல் பியூஸ் இருந்தால் அது அறுந்து காப்பாற்றும். இல்லாவிட்டால் சுருளே எரிந்து அறுந்துவிடும். மலையில் இதற்கு இன்னொரு காரணமும் சேரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

தெர்மல் பியூஸ் அறுந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு துண்டு வயர் வைத்து ஈயம் பற்றவைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உடனே மூன்று வேகமும் வந்துவிடும், வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். காய்ந்த இலை கிடக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் செந்தணலாகக்கூடிய ஒரு கம்பியை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் விடுகிற வேலை அது. புது தெர்மல் பியூஸ் போடுவதானால், பழையதன் மேல் அச்சிட்ட அதே வெப்ப அளவில் வாங்கி, நெளித்து இறுக்கும் கிளிப்பால் இணைக்க வேண்டும். சால்டரிங் சூட்டிலேயே அது அறுந்துபோகும். இந்தத் தொல்லைக்கு முழு ரெசிஸ்டரையே மாற்றுவது மேல். மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு.

சரி, இப்போது தட்டினால் ஓடும் விஷயம். இதற்கு மல்டிமீட்டரைவிட டெஸ்ட் லாம்ப்தான் நல்லது. மீட்டர் எடுக்கும் கரண்ட் மிகமிகச் சொற்பம். வயருக்குள் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும், கப்ளர் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தாலும், அது 12 வோல்ட் என்றே காட்டும். அதை நம்பி மோட்டார்தான் போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்ப், ஒரு ஹோல்டர், கிளிப் வைத்த இரண்டு வயர் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த பல்ப் ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். பலவீனமான இணைப்பு அந்தச் சுமைக்கே தடுமாறும், பல்ப் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரே எச்சரிக்கை, வண்டியில் ஏர்பேக் இருந்தால் மஞ்சள் உறை போட்ட வயர்களின் பக்கம் இந்த பல்பைக் கொண்டுபோகவே கூடாது.

முதலில் உங்கள் வண்டியில் ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல வண்டிகளில் மோட்டாருக்கு பிளஸ் நேராக வந்து நிற்கும், ரெசிஸ்டரும் ஸ்விட்சும் எர்த் பக்கம், அதாவது வண்டியின் பாடி வழியாக மைனஸுக்குப் போகும் பக்கம் இருக்கும். வேறு சிலவற்றில் ஸ்விட்ச் வழியாகத்தான் பிளஸ் வரும், எர்த் நேராகப் பாடியில் இருக்கும். தெரிந்துகொள்ளும் வழி சுலபம். சாவியை ஆன் செய்து, ப்ளோயர் ஸ்விட்சை ஆஃபில் வையுங்கள். பல்பின் ஒரு முனையை நல்ல எர்த்தில் மாட்டி, மறுமுனையால் மோட்டார் கப்ளரின் இரண்டு வயரையும் தொடுங்கள். கப்ளரைக் கழற்றாமல் வயர் நுழையும் பின்பக்கமாக ஊசியை விட்டுத் தொட வேண்டும். ஸ்விட்ச் ஆஃபில் இருந்தும் இரண்டு வயரிலும் பல்ப் எரிந்தால் உங்களுடையது எர்த் பக்க ஸ்விட்ச். மோட்டாருக்குள் நுழைந்த கரண்ட் மறுபக்கம் வந்து, போக வழியில்லாமல் காத்திருக்கிறது. மோட்டாருக்குள் பாதை சரியாக இருக்கிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

உண்மையான சோதனை, அது நின்றுபோகும் நேரத்தில் செய்ய வேண்டியது. நின்றால் உடனே தட்டாதீர்கள். தட்டிவிட்டால் தடயம் போய்விடும். வண்டியை ஓரம் கட்டி, சாவியை ஆனிலேயே விட்டு, ஸ்விட்சை மெதுவாக ஆஃபுக்குக் கொண்டுவந்து பல்பை வையுங்கள். பிளஸ் வயரில் எரிகிறது, மற்ற வயரில் எரியவில்லை என்றால் மோட்டாருக்குள்ளோ கப்ளரின் பின்னிலோ பாதை அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கார்பன் தேய்ந்து, சுற்றும் பகுதியான ஆர்மேச்சரைத் தொடாமல் நிற்கிறது, தட்டும்போது தொட்டுவிடுகிறது. இரண்டிலும் எரிந்தால் மோட்டாரில் பாதை இருக்கிறது. கோளாறு அதற்கு அப்பால், ஸ்விட்சிலோ எர்த்திலோ இருக்கலாம். உறுதி செய்ய, மோட்டாரின் எர்த் பக்க வயரைத் தடிமனான ஒரு வயரால் நேராகப் பாடியோடு இணைத்துப் பாருங்கள். முழு வேகத்தில் ஓடினால் மோட்டார் தப்பித்தது. ஓடாமல் முனகிக்கொண்டு நின்றால் மோட்டார் இறுகிக் கிடக்கிறது. இரண்டிலுமே பல்ப் எரியவில்லை என்றால் பிளஸ் வந்து சேரவில்லை. ரிலே, சாவி ஸ்விட்ச், வழியில் உள்ள கப்ளர் என்று பின்னோக்கிப் போக வேண்டியதுதான்.

உங்களுடையது பிளஸ் பக்க ஸ்விட்ச் என்றால் ஸ்விட்சை 4-ல் வைத்தே பாருங்கள். பல்பை எர்த்தில் மாட்டி பிளஸ் வயரைத் தொட்டால் எரிய வேண்டும். பிறகு பல்பை பேட்டரி பிளஸில் மாட்டி மோட்டாரின் எர்த் வயரைத் தொட்டால் அப்போதும் எரிய வேண்டும். இரண்டும் பளிச்சென்று எரிந்தும் மோட்டார் நின்றுகொண்டிருந்தால் வழக்கு முடிந்தது, கப்ளரின் பின் நன்றாக இருந்தால் மோட்டார்தான்.

கப்ளரை வெறும் கண்ணால் பார்த்தாலே பல விஷயம் தெரியும். பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா, பின் கறுத்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா? ஒரு கணக்குச் சொல்கிறேன். 12 ஆம்பியர் ஓடும் இடத்தில் களிம்பால் 0.1 ஓம் தடை வந்தால் 1.2 வோல்ட் அங்கேயே போய்விடும், கூடவே 14 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்னை கப்ளருக்குள் வைத்து மூடியது போல. பின்னின் பிடி தளரும், தடை இன்னும் ஏறும், சூடு இன்னும் கூடும். ஒருமுறை உருகிய கப்ளரை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டுவதில் பிரயோசனம் இல்லை. வயரோடு புது கப்ளர் வாங்கி, பழைய வயரில் கறுத்த பகுதியை வெட்டிவிட்டு, செம்பு பளபளப்பாகத் தெரியும் இடத்தில் இணையுங்கள்.

மோட்டாரை வெளியே எடுப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கிளவ் பாக்ஸை இறக்கினால், பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ, ஒரு கப்ளர், மோட்டாரைக் குளிரவைக்கும் ஒரு சின்ன ரப்பர் குழாய். அந்தக் குழாயைத் திரும்ப மாட்ட மறந்துவிடாதீர்கள். கையில் எடுத்ததும் விரலால் ஒரு சுழற்று சுழற்றுங்கள். காந்தத்தின் இழுப்பு விரலுக்குத் தெரியும், அது இயல்பு. ஆனாலும் விட்ட பிறகு கொஞ்சம் ஓடி நிற்க வேண்டும். உடனே பிடித்து நின்றால் புஷ் காய்ந்துவிட்டது. தண்டை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் ஆட்டம் நிறைய இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது.

காய்ந்த புஷ்ஷுக்குத் துரு நீக்கும் ஸ்ப்ரே அடிப்பது நம் ஊரில் வழக்கம். அடித்த அன்றைக்குச் சத்தம் போய்விடும். ஆனால் அந்த ஸ்ப்ரே, புஷ் உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும், சில வாரத்தில் முன்பைவிட மோசமாகக் கீச்சிடும். தையல் மெஷின் எண்ணெய் மாதிரி லேசான எண்ணெய் ஒரு துளி, தண்டு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில், போதும். அதிகமானால் எண்ணெய், கார்பன் உரசும் செம்புத் தகடுகளான கம்யூடேட்டரில் இறங்கி, கார்பன் தூளோடு சேர்ந்து சேறாகிவிடும்.

மோட்டாரைப் பிரிக்க முடிகிற வகை என்றால் கார்பனைப் பாருங்கள். தகரத்தை மடித்து மூடிய மோட்டார்களையும் நல்ல ரீவைண்டிங் கடைக்காரர் பிரித்துவிடுவார். கார்பன் கட்டையாகத் தேய்ந்து ஸ்பிரிங் அதை அழுத்த முடியாமல் நின்றால் மாற்ற வேண்டும். அதே அளவு கார்பன் கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெரியதை வாங்கி உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்துவார்கள். கம்யூடேட்டர் கறுத்திருந்தால் மிக நைசான உப்புத்தாளால் துடைத்து, தகடுகளுக்கு இடையே உள்ள கோடுகளில் அடைத்த தூளை ஊசியால் கீறி எடுக்க வேண்டும். எமரித் துணி வேண்டாம், அதன் துகள் அந்தக் கோடுகளில் தங்கி ஷார்ட் ஆக்கும். தகடு பள்ளம் விழும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி, மோட்டாரை மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். வேறு வண்டியின் மோட்டாரையோ பழைய உதிரிபாகக் கடையில் எடுத்ததையோ போடும்போது பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் மோட்டார் திருப்பிச் சுற்றும். விசித்திரம் என்னவென்றால் அப்போதும் காற்று முன்னால்தான் வரும், ஆனால் பலவீனமாக வரும். சத்தம் முழுசாக இருக்கும், காற்று பாதிதான். கூலிங் காயில் அடைத்திருக்கிறது என்று நினைத்து டேஷ்போர்டையே இறக்கிவிடுவார்கள். இரண்டு வயரை மாற்றிப் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம்.

கரண்ட் அளப்பதுதான் இந்தப் பரிசோதனையின் முக்கியமான கட்டம், பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். சின்ன கார்களின் ப்ளோயர் முழு வேகத்தில் சுமாராக 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இதை அளக்கப் போனால் மீட்டரின் பியூஸ்தான் போகும். டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்களில் பெரும்பாலானவை ஏசி கரண்டை மட்டும்தான் அளக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பியூஸின் அளவுக்குப் பக்கத்தில் அளவு வந்தால் மோட்டார் நோயாளிதான், இன்றைக்கு ஓடினாலும்.

இந்த இடத்தில் எல்லோரும் குழம்பும் ஒன்று உண்டு. காற்று வழி அடைத்துக்கொண்டால் மோட்டாருக்குச் சுமை கூடி கரண்ட் ஏறும் என்று நினைப்போம். கூண்டு மாதிரி இருக்கும் இந்த வகை விசிறியில் நேர்மாறு. காற்று நகராவிட்டால் விசிறிக்கு வேலை குறைவு. வேகம் கூடும், சத்தம் உச்சத்துக்கு ஏறும், கரண்ட் இறங்கும். அதனால் சத்தம் கீச்சென்று மேலே போய், காற்று குறைவாக வந்தால் அடைப்பைத் தேடுங்கள். சத்தம் மந்தமாகி கரண்ட் ஏறினால் புஷ்ஷையும் ஆர்மேச்சரையும் பாருங்கள். இன்னொன்று, ஊட்டி உயரத்தில், அதாவது 2,240 மீட்டரில், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் கோவையில் அளந்ததைவிட இங்கே கொஞ்சம் குறைவாகத்தான் காட்ட வேண்டும். மலை மேல் அளந்தும் அதிகமாக இருந்தால் மோட்டாரைச் சந்தேகிக்க அது இன்னும் வலுவான காரணம்.

முன்பு சொல்வதாகச் சொன்ன மலைக் காரணம் இலைதான். வைப்பருக்குக் கீழே உள்ள ஜாலி வழியாகத்தான் வெளிக்காற்று ப்ளோயருக்குள் போகிறது. நீங்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் யூகலிப்டஸோ சில்வர் ஓக்கோ கட்டாயம் இருக்கும், இங்கே வேறு என்ன மரம் இருக்கிறது. பெரிய இலை ஜாலியில் தங்கும். நொறுங்கியதும், சைப்ரஸின் சின்ன இலைகளும் உள்ளே இறங்கும். சில விசிறிக் கூண்டில் சிக்கி டிக் டிக் என்று சத்தம் போடும், கூண்டின் எடை சமநிலை கெட்டுப் புஷ்ஷைத் தின்னும். மிச்சம் போய் ரெசிஸ்டர் சுருளின் மேல் போர்வையாகப் படியும். சுருளுக்குக் காற்று கிடைக்காமல் போகும் அந்த இன்னொரு காரணம் இதுதான். கொஞ்ச நாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டி என்றால் எலிக் கூடும் இருக்கலாம். சுவிட்ச் போட்டதும் பஞ்சும் நாற்றமும் வந்தால் அதுதான்.

பானெட்டைத் திறந்து ஜாலிக்கு அடியில் கை விட்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு அள்ளுங்கள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை ஜாலியின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தண்ணீர் கீழே இறங்க வேண்டும். இறங்காமல் தேங்கினால் வடிகால் துளை அடைத்திருக்கிறது, அந்தத் தண்ணீர் மழைக்காலம் முழுக்க ப்ளோயர் பெட்டிக்குள்ளும், அங்கிருந்து இடதுபக்கக் கால்மிதிக்கும் போயிருக்கும். மிதியடியைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். ஈரம் கசிந்தால் உங்கள் கப்ளர் ஏன் பச்சை பூத்தது, கண்ணாடியை ஏன் விடாமல் ஆவி படிந்து மூடுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் கிடைத்துவிட்டது. ப்ளோயரைப் புதுசாக மாற்றினாலும் இந்த ஈரம் காயாமல் கண்ணாடி தெளியாது.

கண்ணாடியைப் பற்றிப் பேசும்போது, ப்ளோயரின் மேல் பழி விழும் வேறு சிலவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் வண்டி கோவையிலிருந்து வந்தது. சமவெளியில் ஹீட்டர் யாருக்கும் வேண்டாம். ஹீட்டர் குழாய் லீக் ஆனால் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே தனியாக ஒதுக்கிவிடுவார்கள். இன்ஜின் சூடாகும் வண்டிகளில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். கீழே அது வண்டியைக் காப்பாற்றியதாகத் தோன்றும், மேலே வந்தால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும், ஹீட்டர் சூடாகவே ஆகாது, பெட்ரோலும் கூடக் குடிக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினுக்குப் பின்னால் டேஷ்போர்டு பக்கம் போகும் இரண்டு ஹோஸையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட வேண்டும். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் ஹீட்டர் காயிலோ வால்வோ அடைத்திருக்கிறது. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட்டைக் கேளுங்கள்.

குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது மட்டும் ஹீட்டர் ஆறிப்போகிறது என்றால் அது கோளாறே இல்லை. கியரில் விட்டு இறங்கும் இன்ஜினுக்கு வேலை இல்லை, சூடும் இல்லை. அப்புறம், கண்ணாடியில் உள்பக்கம் பிசுபிசுப்பாக ஒரு படலம், லேசான இனிப்பு வாடை, துடைத்தாலும் மறுபடி மூடுகிறது என்றால் ஹீட்டர் காயில் கூலன்ட்டைக் கசியவிடுகிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள், கூலன்ட் குறைந்து இன்ஜினுக்கே வினையாகும்.

வேலை முடியும் வரை 4-ஐ நம்பித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். 1, 2, 3-ல் ஸ்விட்சை வைக்கவே வைக்காதீர்கள். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும், பெரியது போட்டால் அடுத்து எரிவது வயரிங். மூடுபனியில் உள்காற்றே சுற்றும் நிலையில் லீவரை வைக்காமல் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், நான்கு பேரின் மூச்சும் நனைந்த ஸ்வெட்டரும்தான் கண்ணாடியை மூடுகின்றன. ஏசி வேலை செய்தால் குளிர்காலத்திலும் ஹீட்டரோடு சேர்த்துப் போடலாம், அது காற்றின் ஈரத்தைப் பிழிந்துவிடும். உறைபனி நாட்களின் அதிகாலையில் மட்டும் ஏசி தானாகவே வெட்டிக்கொள்ளலாம். பல வண்டிகளில் ப்ளோயர் ஸ்விட்ச் வழியாகத்தான் ஏசிக்கு உத்தரவு போகும், அதனால் ப்ளோயர் சரியில்லாமல் ஏசியை மட்டும் தனியாகச் சரிசெய்யப் போகாதீர்கள். கண்ணாடியின் உள்பக்கத்தை நல்ல துணியால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து வைத்தாலே பாதி மூட்டம் குறையும். 4-ம் நின்றுபோனால் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, தெளியும் வரை வண்டியை ஓரத்தில் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் துடைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் இலையை அள்ளி வடிகாலைத் திறங்கள், காசு செலவில்லை. அடுத்து மோட்டாரை இறக்கிப் புஷ், கார்பன் இரண்டையும் பாருங்கள், கப்ளரை மாற்றுங்கள். மோட்டாரை மாட்டி 4-ல் ஓடவிட்டுக் கரண்ட் அளந்து, அளவு சரியாக இருந்தால் மட்டும் புது ரெசிஸ்டர். மாட்டிய பிறகு 2-ல் கால் மணி நேரம் ஓடவிட்டுக் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், விரலை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அணைத்துவிட்டு மோட்டாரையும் எர்த்தையும் மறுபடி பாருங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் விடுவதானால் "ப்ளோயரைச் சரிபண்ணுங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். 4-ல் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், கழற்றிய பழைய ரெசிஸ்டரையும் கப்ளரையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.